வாரண்டியில் எஞ்சினையே மாற்றித் தருவார்களா? (குன்னூர், டிஎன் 43)

8 செப்டம்பர் 2024, இரவு

நேராகக் கேள்விக்கு வருகிறேன். ஸ்போர்ட்ஸ் கார், 2019 மாடல், ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, கையால் போடும் கியர். இந்த ஜனவரியில் கம்பெனியின் சொந்தப் பழைய கார் விற்பனைப் பிரிவில் 58 லட்சத்துக்கு வாங்கினேன். வாங்கும்போது 27,600 கிலோமீட்டர், இப்போது 31,400. கம்பெனி வாரண்டி 2025 ஏப்ரல் கடைசி வரை இருக்கிறது.

இன்று மதியம் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினேன். கொண்டை ஊசி வளைவு பதினான்கிலும் செகண்ட் கியர்தான், பிரேக்கை அதிகம் தொடவில்லை, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தது. பர்லியார் பழக்கடைகள் தாண்டி ரோடு கொஞ்சம் நேரானதும் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். பின்னால் வந்துகொண்டிருந்த ஆம்னி வேன் கண்ணாடியிலிருந்தே மறைந்துவிட்டது. அவ்வளவு புகை. நீலப் புகை. வேன்காரர் கல்லாரில் என்னை ஓரங்கட்டச் சொல்லி, "சார், வண்டி எரியுதுன்னு நினைச்சு ஹாரன் அடிச்சுட்டே வந்தேன்" என்றார்.

ஜூன் மாதத்திலிருந்து ஆயில் குறைவு என்று விளக்கு இரண்டு முறை எரிந்தது. இரண்டு முறையும் ஒரு லிட்டர் ஊற்றினேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த எஞ்சின் போய்விட்டது, வாரண்டியில் முழு எஞ்சினையே மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்பது என் கட்சி. நண்பர்கள் சிரிக்கிறார்கள். யாராவது கேட்டு வாங்கியிருக்கிறீர்களா?

8 செப்டம்பர், பின்னும் இரவு

எந்தக் கம்பெனி என்று மூன்று பேர் கேட்டாயிற்று. சொல்ல மாட்டேன். சண்டை முடியும்வரை சொல்வது புத்திசாலித்தனம் இல்லை, முடிந்த பிறகு சொல்லவும் அவசியம் இருக்காது. ஊகிக்கிறவர்கள் மனதுக்குள் ஊகித்துக்கொள்ளுங்கள்.

11 செப்டம்பர்

கண்டுபிடித்துவிட்டேன். இன்று காலை ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உட்புறம் முழுக்க மோர் ஒட்டிக்கிடக்கிறது. மஞ்சளும் வெள்ளையுமாக, விரலில் எடுத்தால் வழுவழு. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. அப்படியானால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது. ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது, ஆயிலும் அந்த வழியாகத்தான் போகிறது. சந்தேகமே இல்லை.

15 செப்டம்பர்

மேலே எழுதியதை யாரும் நம்ப வேண்டாம்.

இங்கே பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே பட்டறை வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைப் பார்த்துச் சிரித்தார். "சார், தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" வீட்டிலிருந்து கடைக்கு மூன்று கிலோமீட்டர், திரும்பி மூன்று என்றேன். "அவ்வளவுதாங்க. எஞ்சின் சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிடறீங்க. உள்ள இருக்கற ஈரம் ஆவியாகி வெளிய போக வழியில்ல, மூடி சில்லுன்னு இருக்கு, அங்க போய்ப் படியுது. ஊர்ல பாதி வண்டி மூடியக் கழட்டினா இதே மோருதான்." ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து அதில் நீலத் திரவம் ஊற்றிச் சோதித்தார். சிலிண்டர் புகை தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாற வேண்டும். கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டும் நீலம் நீலமாகவே இருந்தது. ஹெட் கேஸ்கெட் சரியாக இருக்கிறது.

பர்லியார் புகைக்கு அவர் சொன்ன காரணம் வேறு. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு கியரில் வரும்போது காற்று உள்ளே போகும் வழி மூடியிருக்கும், பிஸ்டனோ கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே வெற்றிடம். அது எங்கே சந்து கிடைத்தாலும் ஆயிலை உறிஞ்சும்: பிஸ்டன் ரிங் வழியாகவும், வால்வு சீல் வழியாகவும். மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சேர்ந்த ஆயில் மொத்தமும் எரிந்து வெளியே வரும். நல்ல எஞ்சினில் இது கண்ணுக்குத் தெரியாத அளவு. தெரிகிறது என்றால் ரிங்கோ, சிலிண்டர் சுவரோ, சீலோ தேய்ந்திருக்கிறது. "எதுன்னு பிரிச்சாத்தான் தெரியும். ஆனா நான் ஸ்பேனர் வைக்க மாட்டேன் சார், வச்சா உங்க வாரண்டி போயிடும்." பணம் வாங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

22 செப்டம்பர்

கோவை சர்வீஸ் சென்டர் போய் வந்தேன். முதல் பாடம், ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது நம் புகாரை எழுதும் தாள்.

அட்வைசர் பையன் நல்லவன்தான், மரியாதையாகப் பேசினான். "சார், ஸ்போர்ட்ஸ் எஞ்சின்னா ஆயில் குடிக்கத்தான் செய்யும். கையேட்டிலேயே 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரைக்கும் சாதாரணம்னு போட்டிருக்கு." புரட்டிப் பார்த்தேன், போட்டிருக்கிறது. இது இந்தக் கம்பெனி மட்டும் சொல்வதில்லை, வேறு பலரும் இதே கணக்கைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து வந்து "செக் பண்ணிட்டோம், எல்லாம் ஓகே" என்றான். நானும் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஓடந்துறை தாண்டும்போதுதான் உறைத்தது: கையில் ஒரு காகிதம் இல்லை. நாளைக்கு இவர்கள் "அந்தத் தேதியில் வண்டி வரவே இல்லை" என்றால் நான் என்ன காட்டுவேன்? திரும்பிப் போனேன். 35 கிலோமீட்டர். ஜாப் கார்டில் என் புகாரை என் வார்த்தையிலேயே எழுதச் சொன்னேன்: "நீண்ட இறக்கத்துக்குப் பின் நீலப் புகை, ஆயில் குறைவு விளக்கு இரு முறை." அவன் "வாடிக்கையாளர் ஆயில் செக் செய்யக் கேட்டார்" என்று மட்டும் போட்டிருந்தான். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், சுருக்கி எழுதுவது அவர்கள் பழக்கம். ஆனால் வாரண்டித் தாளைப் படிக்கப்போவது அந்தப் பையன் இல்லை. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர், அவருக்கு இந்த வரி மட்டும்தான் தெரியும்.

6 அக்டோபர்

நோட்டுப் புத்தகம் போட்டாயிற்று. தினமும் கிலோமீட்டர், ஆயில் அளவு, ஊற்றியது எவ்வளவு. இந்த வண்டியில் ஆயில் குச்சி கிடையாது, திரையில்தான் அளவு காட்டும். இரண்டு வாரக் கணக்குப்படி 1000 கிலோமீட்டருக்கு 1.8 லிட்டர்! அவர்கள் சொன்ன எல்லையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை மெயிலில் அனுப்பப்போகிறேன்.

20 அக்டோபர்

அனுப்பியிருந்தால் மானம் போயிருக்கும்.

திங்கள் காலை பாதி. செவ்வாய் காலை முழுசு. நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை. ஆயில் எங்கிருந்து வந்தது? இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. கடைசியில் பார்த்தால் திங்களன்று வண்டி வாசலில் மூக்கு மேலே பார்த்து நின்றிருக்கிறது, செவ்வாயன்று நான் திருப்பி நிறுத்தியிருக்கிறேன். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் சூடான பிறகுதான் அளக்க வேண்டும் என்று கையேடு கெஞ்சுகிறது. நான் படித்தும் இருக்கிறேன். ஆனால் குன்னூரில் சமதளத்துக்கு எங்கே போவது? என் வீட்டு வாசல் சரிவு, கடை வாசல் சரிவு. பெட்ரோல் பங்க் பார்வைக்குத் தட்டையாக இருக்கும், கொத்தனாரிடம் ரசமட்டம் கடன் வாங்கிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தேன், குமிழி ஓரத்துக்கு ஓடுகிறது. மழைத் தண்ணீர் வடியச் சரித்துத்தான் போட்டிருக்கிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. அரை மணி நேரம் ரசமட்டத்தோடு தரையில் குந்தி உட்கார்ந்திருந்ததில் இடம் வாங்க வந்திருக்கிறேன் என்று ஊரில் பேச்சு.

ஆக, 1.8 என்பது குப்பை. முதல் இரண்டு வார நோட்டுக்குக் குறுக்கே கோடு போட்டுவிட்டேன்.

24 அக்டோபர்

விடை கிடைத்தது. எடைமேடை!

கோட்டகிரி ரோட்டில் நண்பர் ஒருவர் தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறார். விறகு லாரி நிறுக்க எடைமேடை வைத்திருக்கிறார். மேடை சமமாக இல்லாவிட்டால் எடையே தப்பாகிவிடும், அதனால் அதை வருடா வருடம் சரிபார்க்கிறார்கள். ரசமட்டக் குமிழி நட்டநடுவில் நின்றது. வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர், போய்ச் சேர்வதற்குள் எஞ்சினும் சூடாகிவிடுகிறது. இரண்டு லாரிக்கு நடுவில் என் வண்டி, குட்டி மாதிரி. சீட்டு போடும் பெரியவருக்குச் சும்மா விட மனமில்லை, சீட்டும் போட்டுக் கொடுத்தார்: 1,460 கிலோ. சரக்கு என்ற இடத்தில் "காலி" என்று எழுதினார்.

ஆயில் குறைவதை எடையிலேயே பார்த்துவிடலாமே என்று கேட்ட ஈரோட்டு நண்பருக்கு: மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். என் எஞ்சின் அந்த அளவு குடிக்க ஆரம்பித்தால் சீட்டு தேவைப்படாது.

6 நவம்பர்

எடைமேடைக் கணக்கு, பத்து நாள், 410 கிலோமீட்டர், அரை லிட்டருக்கு மேல். அதாவது 1000-க்கு 1.3 போல. இந்த முறை நம்பிக்கை இருக்கிறது. படம் எடுத்து, ரசமட்டத்தையும் படத்தில் தெரியும்படி வைத்து அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: முறையான ஆயில் சோதனை செய்யலாம், வண்டியைக் கொண்டுவாருங்கள்.

9 நவம்பர்

சோதனை என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு. பழைய ஆயிலை முழுக்க இறக்கிவிட்டு, புதுசை அளந்து ஊற்றி, ஊற்றும் மூடியிலும் அடியிலுள்ள போல்ட்டிலும் பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். திறந்தால் கோடு விலகும், தெரிந்துவிடும். 1000 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். மீதியை இறக்கி அளப்பார்கள். தொடக்கம் 32,600.

கிளம்பும்போது வொர்க்ஷாப் மேனேஜர், "மலையில ஓட்டறதாலதான் சார் இப்படி" என்று ஒரு வார்த்தையைப் போட்டு வைத்தார். இதுதான் அவர்கள் கடைசியில் பிடிக்கப்போகும் கயிறு என்று அப்போதே புரிந்தது. அதனால் இந்த 1000 கிலோமீட்டரையும் மலையில் ஓட்டுவதில்லை என்று முடிவு. வண்டியைக் கோவையில் மச்சான் வீட்டில் நிறுத்திவிட்டேன். சனி ஞாயிறு பஸ்ஸில் இறங்கி, சேலம் வரை நேர் ரோட்டில் போய்த் திரும்ப வேண்டியது. ஐப்பசி கார்த்திகையில் மலை ரயிலை நம்ப முடியாது, மண் சரிந்தால் நிறுத்திவிடுவார்கள்.

வீட்டில் சொன்னது: "ஏங்க, 58 லட்சத்துக்குக் கார் வாங்கி பஸ்ல போறது நீங்க ஒருத்தர்தான்."

1 டிசம்பர்

33,615-ல் கொண்டுபோய்க் கொடுத்தேன். 1,015 கிலோமீட்டர். ஊற்றியதில் 1.45 லிட்டர் காணவில்லை. கோடுகள் விலகவில்லை. ஒரு வளைவு கூட ஏறவில்லை, சுங்கச்சாவடிச் சீட்டுகள் எல்லாவற்றையும் கோத்துக் கொடுத்துவிட்டேன்.

மேனேஜர் இந்த முறை மலையைப் பற்றி எதுவும் பேசவில்லை.

14 டிசம்பர்

பெரிய செய்தி, நீளமாக எழுதுகிறேன்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கேமரா விட்டார்கள். உள்ளே என்னையும் கூப்பிட்டுத் திரையில் காட்டினார்கள், அதற்கு நன்றி. நாலு சிலிண்டரில் சுவர் சுத்தமாக இருக்கிறது, எஞ்சின் செய்தபோது போட்ட குறுக்குமறுக்குக் கோடுகள் கூடத் தெரிகின்றன. மூன்றாவதில் லேசான கீறல். ஐந்தாவது சிலிண்டரில் ஒரு பக்கம் முழுக்க மேலிருந்து கீழாகச் செங்குத்தான கீறல்கள், பூனை சோபாவைப் பிராண்டின மாதிரி. எதிர்ப்பக்கம் ஒன்றுமில்லை. பார்த்ததும் டெக்னீஷியன் ஒன்றும் சொல்லாமல் கேமராவை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து மெயில். "வாகனத்தின் கணினியில் எஞ்சின் அனுமதித்த வேகத்தைத் தாண்டிய பதிவுகள் மூன்று உள்ளன. தவறான பயன்பாடு. வாரண்டி பொருந்தாது." ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்குப் போவதாக நினைத்து இரண்டில் போட்டால் சக்கரமே எஞ்சினைச் சிவப்புக் கோட்டுக்கு மேல் சுற்றிவிடும், கணினி தடுக்க முடியாது. கை கியர் வண்டிகளுக்கு உள்ள சாபம் இது.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நான் செய்தேனா? ஒருவேளை செய்திருப்பேனோ? பிறகு அந்தப் பதிவின் முழு அச்சையும் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு பதிவிலும் எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியபோது நடந்தது என்று இருக்கும். மூன்றும் 402-ஆவது மணி நேரத்தில். ஜனவரியில் எனக்கு விற்றபோது அவர்களே போட்டுக் கொடுத்த சோதனைத் தாளை எடுத்தேன், "எஞ்சின் மணி நேரம் 618, அதிவேகப் பதிவுகள் ஏற்கத்தக்கவை" என்று கையெழுத்தோடு இருக்கிறது. முந்தைய சொந்தக்காரர் செய்தது. தெரிந்தே ஏற்று, வாரண்டியோடு என்னிடம் விற்றிருக்கிறார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேன் செய்து அனுப்பினேன். கூடவே இரண்டே வரி. திட்டவில்லை.

15 டிசம்பர்

உயரத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்திருக்கிறது: காற்று மெலிந்த ஊரில் ஓட்டினால் எஞ்சினுக்குக் கெடுதலா? டர்போ இல்லாத எஞ்சின் 300 மீட்டர் ஏறினால் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே என் வண்டியில் ஐந்தில் ஒரு பங்கு குதிரை காணாமல் போய்விடுகிறது. சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு, அதனால் அழுத்தமும் குறைவு. கணக்குப்படி மலை என் எஞ்சினுக்கு நல்லதுதான் செய்திருக்க வேண்டும்.

15 டிசம்பர், மாலை

இல்லை, அது வக்கீல் வாதம். ஏற்றம் அதே ஏற்றம்தான், வண்டி எடையும் அதேதான். சக்தி குறைந்தால் நான் இன்னும் அழுத்தி மிதிக்கிறேன். கூட்டிக் கழித்தால் ஒன்றும் நிரூபணமாகாது. சேலம் ரோட்டில் குடித்த 1.45 லிட்டர் ஒன்றே போதும்.

எஞ்சினை முழுசாக மாற்றுவது நடக்காத காரியம் என்று இன்னும் சொல்கிறவர்களுக்கு: 2014-ல் போர்ஷே 911 ஜிடி3 வண்டிகள் இரண்டு ஐரோப்பாவில் தீப்பிடித்தன. பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடில் ஒரு திருகு இளகி, எஞ்சின் உடம்பைத் துளைத்து, ஆயில் கொட்டிப் பற்றிக்கொண்டது. கம்பெனி உலகம் முழுக்க அந்த மாடல் வைத்திருந்தவர்களை வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 785 வண்டிகளுக்கும் எஞ்சினையே மாற்றித் தந்தது. திருகை மட்டும் மாற்றவில்லை. என் வண்டி அது இல்லை, என் பிரச்சினையும் அது இல்லை. மாற்ற நினைத்தால் மாற்றுவார்கள் என்பதற்குச் சொன்னேன்.

5 ஜனவரி 2025

பதில் இல்லை. மூன்று வாரம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், பதிவு எண் உடனே வந்தது.

அடுத்து நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தில் ஒரு நல்லது, நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டாம். ஒரு கோடி வரை மாவட்ட ஆணையம். அப்படியானால் ஊட்டியிலேயே. அவர்கள் வக்கீல் வளைவு ஏறி வரட்டும், வாந்தி எடுக்கட்டும்.

6 ஜனவரி

வாந்தி ரத்து. வக்கீல் நண்பர் போனில் சிரித்தார். ஒரு கோடி என்பது சட்டம் வந்தபோது இருந்த எல்லை. 2021 டிசம்பரில் விதியை மாற்றி மாவட்டத்துக்கு 50 லட்சம் வரை என்று ஆக்கிவிட்டார்கள். 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். நாம் எவ்வளவு நஷ்டஈடு கேட்கிறோம் என்பது இல்லை, பொருளுக்குக் கொடுத்த விலைதான் கணக்கு. நான் கொடுத்தது 58. எட்டு லட்சம் பேரம் பேசியிருந்தால் ஊட்டி, பேசாததால் சென்னை. வீட்டில் இதைச் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அப்புறம், காரையே மாற்று, பணத்தைத் திருப்பு என்று கேட்டால் வழக்கு இழுக்கும். பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரண்டிக் கடமை என்று 2006-லேயே ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகையால் எஞ்சினோடு நில்லுங்கள், பேராசை வேண்டாம் என்றார். நின்றேன். நோட்டீஸ் தயாராகிறது.

12 ஜனவரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசனை.

அந்தக் கீறல் ஏன் வந்தது என்று படித்துக்கொண்டே இருக்கிறேன். இன்ஜெக்டர் சரியாகத் தூவாமல் பெட்ரோல் சுவரில் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவிவிட்டால் வரும். குளிர்ந்த எஞ்சினைச் சூடாக விடாமல் உடனே சுமையேற்றினாலும் வரும். என் வீடு பள்ளத்தில். மெயின் ரோட்டுக்கு ஏற 300 மீட்டர் செங்குத்து. மார்கழி காலையில் எட்டு டிகிரி, பனியில் கண்ணாடி தெரியாது, சாவி போட்டு ஒரு நிமிடம் கூட ஆகாமல் ஃபர்ஸ்ட் கியரில் முழுசாக மிதித்து ஏறுவேன். மேலிருந்து பால் வண்டி வரும், நடுவில் நிற்க முடியாது. ஒரு வருடமாகத் தினமும்.

சர்வீஸ் சென்டரில் இதைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

13 ஜனவரி

திட்டியவர்களுக்கு: தெரியும். கொடைக்கானல்காரர் கேட்டது மட்டும் பதில் சொல்லத் தகுந்த கேள்வி, "வீடு மலையில் இருந்தால் வேறு எப்படி ஓட்டுவது?" வண்டியை நீலகிரி முகவரிக்குத்தான் விற்றார்கள், டிஎன் 43 பதிவும் அவர்களே செய்து கொடுத்தார்கள். மலையில் ஓட்டக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. ஆனால் சூடாகும் முன் அழுத்தி ஓட்டாதே என்று எழுதியிருக்கிறது. ஐந்தாவது சிலிண்டர் ஒன்றில் மட்டும் ஏன் இவ்வளவு என்பதற்கு என் காலை ஏற்றம் பதில் சொல்லாது, இன்ஜெக்டர் சொல்லும். அப்படித்தான் நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். பாதி நம்புகிறேன்.

இப்போது ஏற்றத்துக்கு மேலே, ரோட்டோரம் தெரிந்தவர் ஷெட்டில் மாதம் 1,500 வாடகைக்கு நிறுத்துகிறேன். காலையில் நான்தான் நடந்து ஏறுகிறேன். மூச்சு வாங்குகிறது, எனக்கும் சூடாகாத எஞ்சின்தானே.

9 பிப்ரவரி

கிடைத்துவிட்டது!!

நோட்டீஸ் போன பத்தாம் நாள் போன், பிறகு மெயில். முதலில் சொன்னது, ஐந்தாவது சிலிண்டருக்கு மட்டும் ஸ்லீவ், அதாவது புது உள்சுவர், போட்டுத் தருகிறோம். மாட்டேன் என்றேன், மூன்றாவதிலும் கீறல் இருக்கிறது என்று அவர்கள் அறிக்கையே சொல்கிறது. அடுத்தது, கீழ்ப்பாதி மட்டும், அதாவது ஷார்ட் பிளாக். பழைய மேல்பாதியை அதன் மேல் வைத்துவிடுவார்கள். யோசித்துக்கொண்டிருந்தேன். நாலு நாளில் அவர்களே முழு எஞ்சின் தருவதாக எழுதினார்கள். மனம் மாறிவிடவில்லை: இந்த மாடலுக்கு ஷார்ட் பிளாக் தனியாக வருவதில்லை, தொழிற்சாலையிலிருந்து முழுசாகத்தான் பெட்டியில் வருமாம். ஐந்து மாதம் நான் எழுதிய மெயில்கள் ஒரு பக்கம், பாகப் பட்டியலில் இல்லாத ஒரு எண் ஒரு பக்கம்.

கேட்டு எழுத்தில் வாங்கியவை: ஏப்ரலில் வாரண்டி முடிந்துவிட்டாலும் ஜாப் கார்டு தேதியை வைத்துத்தான் இந்தக் க்ளெய்ம் என்பது. ஆயில், கூலண்ட், எஞ்சின் மவுண்ட் செலவும் அவர்களுடையது என்பது. புது எஞ்சினுக்கு எவ்வளவு காலம் உத்தரவாதம் என்பது. இதில்தான் கோட்டைவிடப் பார்த்தேன். பழைய வாரண்டியில் மீதி உள்ள நாள் மட்டும்தான் புதுப் பாகத்துக்கும் என்று பல கம்பெனிகள் வைத்திருக்கிறார்கள், அப்படியானால் எஞ்சின் மாட்டிய மூன்றாம் வாரம் நான் அநாதை. இரண்டு வருடம் கேட்டேன், ஒரு வருடம் தந்தார்கள்.

12 ஏப்ரல்

கப்பல், கஸ்டம்ஸ், எல்லாம் தாண்டி பெட்டி வந்து சேர்ந்தது. மரப்பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்றேன். ஆறு குழாய் வாய்க்கும் மஞ்சள் பிளாஸ்டிக் மூடி போட்டு, ஒரு சொட்டு அழுக்கு இல்லாமல், பிறந்த குழந்தை மாதிரி. பழையது பக்கத்தில் தரையில். அதைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வேண்டுமாம், அதே பெட்டியில், அதே ஆணியில். பிஸ்டனையாவது பார்க்கலாமா என்றேன், பிரிக்க அனுமதி இல்லை. ஐந்தாவது சிலிண்டருக்கு உண்மையில் என்ன ஆனது என்று அங்கே யாரோ பார்ப்பார்கள். எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

20 ஏப்ரல்

வண்டியை நேற்று கொண்டுவந்து விட்டார்கள். ஒரு டிரைவர் என் வண்டியில், அவரைத் திரும்பக் கூட்டிப் போக இன்னொரு கார் பின்னால். கல்லாரில் என் டிஎன் 43 நேராகப் போய்விட்டது, பின்னால் வந்த கோவை வண்டி நின்றுவிட்டது, வெளியூர் வண்டி மலை ஏற வேண்டிய இ-பாஸ் அதற்கு இல்லை. உயர் நீதிமன்றம் சொல்லி இந்த மாதத்திலிருந்து வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வெளியூர் வண்டிகள்தான் என்று வேறு ஆகிவிட்டது. சென்ற வருடம் மே மாதத்திலிருந்து இருக்கும் இ-பாஸ், ஐந்து மாதம் மலையைக் குற்றம் சொன்னவர்களுக்குத் தெரியவில்லை. டிரைவருக்கு வீட்டில் சாப்பாடு போட்டு பஸ் ஏற்றிவிட்டோம்.

18 மே

மறந்துவிடுவீர்கள் என்பதால் சொல்கிறேன்: எஞ்சின் மாறினால் எஞ்சின் எண்ணும் மாறும். ஆர்சியில் மாற்ற வேண்டும், இன்சூரன்ஸிலும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு விபத்து க்ளெய்மில் "இது வேறு எஞ்சின்" என்பார்கள். கம்பெனிக் கடிதம், பில் எல்லாம் எடுத்துக்கொண்டு ஊட்டி ஆர்டிஓ போனேன். எண்ணைக் காட்டச் சொன்னார்கள். அது எஞ்சினின் அடியில், சக்கரத்துக்கு உள்பக்கம். அவர் டார்ச் பிடிக்க, நான் என் மனைவியின் மேக்கப் கண்ணாடியைக் கம்பியில் கட்டி உள்ளே நீட்ட, எண் தலைகீழாகத் தெரிந்தது. திருப்பித் திருப்பிப் படித்து எழுதிக்கொண்டார். முடிந்தது.

27 ஜூலை

கடைசியாக ஒரு தடவை கேட்டார்கள், எப்படி இருக்கிறது என்று. முதல் 1,500 கிலோமீட்டர் 4,000 சுற்றுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள், சீசனில் இறங்குவதற்குக் கோட்டகிரி வழிதான் என்று திருப்பிவிட்டதால் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து அது தானாக நடந்தது. இப்போது 2,300 ஆயிற்று. பர்லியாரில் வேண்டுமென்றே மிதித்துப் பார்த்தேன், கண்ணாடியில் பின்னால் வந்த பஸ் தெளிவாகத் தெரிந்தது, டிரைவர் கொட்டாவி விட்டதுகூட.

இன்று எடைமேடையில் ஏற்றி ஆயில் பார்த்தேன். ஊற்றிய அன்று இருந்த அதே கோடு. பெரியவர் சீட்டு கிழித்தார், 1,460. "புது எஞ்சின்னு சொன்னீங்களே சார், எடை கூடலையே" என்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரக்கு என்ற இடத்தில் பழையபடி "காலி" என்றே எழுதினார்.